நடுக்கோட்டை விட்டு விலகும் நான்கு வினாடி: மாணவ விமானிகளுக்கு ஒரு திறந்த மடல்

தேனியிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் விமானம் ஓட்டக் கற்கச் சென்றிருக்கும், செல்லவிருக்கும் மாணவர்களுக்கு,

ஒற்றை எஞ்சின் கொண்ட சிறு விமானம் முழு விசையில் ஓடுபாதையில் ஓடுகிறது. சக்கரங்கள் தரையை விட்டு எழுவதற்குச் சற்று முன்போ, எழுகிற கணத்திலோ, அது விமானி நினைக்காத பக்கம் திரும்பி, காலால் தடுத்தும் கேளாமல் பாதையின் விளிம்பை நோக்கிப் போகிறது. புறப்பாட்டில் திசை தவறுதல் என்பது இதுதான். எஞ்சின் பழுது இதற்குத் தேவையில்லை, மோசமான வானிலையும் தேவையில்லை. நல்ல விமானம், தெளிந்த வானம், சற்றே பக்கவாட்டில் வீசும் காற்று, தயங்கும் ஒரு கால் ஆகியவை போதும். முதல் தனிப்பறப்புக்குப் போகும் மாணவருக்கு இவை எல்லாம் ஒரே காலையில் வாய்த்துவிடலாம்.

கணக்கைப் பாருங்கள். 30 மீட்டர் அகலமுள்ள ஓடுபாதையில் நடுக்கோட்டிலிருந்து விளிம்பு வரை 15 மீட்டர். விமானம் 40 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 74 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது மூக்கு 10 பாகை திரும்பி அப்படியே நின்றால், விளிம்பைத் தொட நான்கு வினாடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் நீங்கள் திருப்பத்தை உணர வேண்டும், சரியான பெடலை அழுத்த வேண்டும், அழுத்தியும் மூக்கு திரும்பி வரவில்லை என்றால் எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை மூட வேண்டும். நான்கு வினாடியில் யோசித்து முடிவெடுக்க யாராலும் முடியாது. ஓட்டத்தைத் தொடங்க விமானத்தைப் பாதையில் நிறுத்தும் முன்பே எடுத்துவைத்த முடிவைத்தான் அப்போது நிறைவேற்ற முடியும். இந்த மடல் உங்களிடம் கேட்பது அந்த முடிவைத்தான்.

விமானம் ஏன் திரும்புகிறது என்று தெரியாதவருக்கு அந்த முடிவு மனப்பாடமாகவே நின்றுவிடும். எனவே காரணங்களிலிருந்து தொடங்க வேண்டும். செஸ்னா 152, 172 விமானங்களிலும், தேசிய மாணவர் படை பயன்படுத்தும் வைரஸ் எஸ்டபிள்யூ 80 விமானத்திலும், விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் கடிகார முள் திசையில் சுழல்கிறது. அது பின்னால் தள்ளும் காற்று நேராகப் போவதில்லை. விமானத்தின் உடலைச் சுற்றித் திருகிக்கொண்டு போய் வால் துடுப்பின் இடப்பக்கத்தில் மோதுகிறது. வால் வலப்பக்கம் தள்ளப்பட, மூக்கு இடப்பக்கம் போகிறது. வேகம் குறைவாகவும் விசை முழுவதுமாகவும் இருக்கும் ஓட்டத்தின் தொடக்கத்தில்தான் இது மிகக் கடுமையாக இருக்கும். புரொப்பெல்லர் ஒரு பக்கம் சுழல, எதிர்வினையாக உடல் மறுபக்கம் சாய முயல்வது இரண்டாவது காரணம். அந்தச் சாய்வால் இடது சக்கரத்தின் மேல் பாரம் கூடி, உராய்வும் அந்தப் பக்கமே கூடுகிறது. மூன்றாவது, மூக்கு உயரும் வேளையில் வருவது. அப்போது வலப்பக்கம் கீழிறங்கும் இதழ், இடப்பக்கம் மேலேறும் இதழைவிட அதிகமாக இழுப்பதால் விமானம் மறுபடி இடப்பக்கமே திரும்பும்.

வால்சக்கர விமானங்களில் இன்னொன்றும் சேரும். ஓட்டத்தின் நடுவே வால் உயரும்போது, சுழலும் புரொப்பெல்லரின் பம்பரத் தன்மையால் மூக்கு இடப்பக்கம் பாயும். அவற்றின் எடைமையமும் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தொடங்கிய திருப்பம் தானாகவே வளரும். ஒரு காலத்தில் நம் பறக்கும் சங்கங்களில் பழகக் கிடைத்த புஷ்பக் அத்தகைய விமானம். அதில் கற்றவர்களின் கால்கள் தூங்க வழியே இருந்ததில்லை. இன்று நீங்கள் பழகும் மூக்குச் சக்கர விமானம் சிறு தவறுகளை மன்னித்துவிடுகிறது. மன்னித்துப் பழக்குவதாலேயே கால்கள் சோம்பிவிடுகின்றன என்பதை உங்கள் ஆசிரியர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

ஆக, த்ராட்டிலைத் திறந்ததுமே வலது கால் வேலை செய்ய வேண்டும். ஆனால் எவ்வளவு அழுத்துவது என்பது ஓட்டம் முழுக்க ஒரே அளவாக இருப்பதில்லை. வேகம் கூடக்கூட, பெடல் அசைக்கும் வால் சுக்கானாகிய ரட்டருக்கு வலு ஏறும், தேவையான அழுத்தம் குறையும். தொடக்கத்தில் அழுத்திய காலை அப்படியே இறுக்கி வைத்திருப்பவரின் விமானம் சில வினாடிகளில் வலப்பக்கம் பாயும். பதறி இடது காலை உதைத்தால் இடப்பக்கம் பாயும். ஒவ்வொரு பாய்ச்சலும் முந்தையதைவிடப் பெரிதாகி, மூன்றாவது பாய்ச்சலில் விமானம் புல்லில் இருக்கும். பெடலில் சின்னச் சின்ன அழுத்தங்களாகக் கொடுத்து, பார்வையை எஞ்சின் மூடிக்கு மேலாக ஓடுபாதையின் கடைசியில் வைக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அருகே பார்ப்பவருக்குத் திருப்பம் தாமதமாகவே தெரியும்.

இனி காற்று. இதைப் பற்றி உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில் நெருக்குண்டு வேகம் பிடித்து இறங்கும் ஊர்களில் வளர்ந்தவர்கள் நீங்கள். ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் நிற்பதும் இந்தக் காற்றை நம்பித்தான். ஆடி மாதத்தில் வாழைக்கு முட்டுக் கொடுப்பதும், பந்தல் கம்பிகளை இழுத்துக் கட்டுவதும் உங்கள் வீடுகளில் நடக்கிற வேலைகள். அதே காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே வரும்போது விமானத்தின் வால் துடுப்பில் மோதி வாலைத் தள்ள, மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பும். காற்று இடப்பக்கமிருந்து வந்தால், ஏற்கெனவே சொன்ன இடப்பக்கத் திருப்பங்களோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். வலப்பக்கமிருந்து வந்தால் ஓரளவு ஒன்றையொன்று சரிக்கட்டும். ஆனால் விட்டுவிட்டு வீசும் காற்றில் அந்தச் சரிக்கட்டலை நம்ப முடியாது.

தமிழ்நாட்டில் பயிற்சி விமானங்கள் பறக்கும் சேலம் விமான நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். ஓமலூருக்கு அருகே காமலாபுரத்தில் உள்ள அதன் ஓடுபாதைக்கு 04, 22 என்று இரு முனைகள். 22ஆம் முனையிலிருந்து புறப்படும் விமானம் ஏறக்குறைய 220 பாகைத் திசையில், அதாவது தென்மேற்காக ஓடும். நேர் மேற்கிலிருந்து, 270 பாகையிலிருந்து, 15 நாட் காற்று வீசினால் இரண்டுக்கும் இடையே 50 பாகை. குறுக்கே விழும் பங்கு 11.5 நாட். காற்று 20 நாட்டானால் அந்தப் பங்கு 15 நாட்டைத் தாண்டும். செஸ்னா 152இன் கையேடு செய்துகாட்டப்பட்ட குறுக்குக்காற்று அளவாக 12 நாட்டையும், செஸ்னா 172இன் கையேடு 15 நாட்டையும் தருகின்றன. அவை தேர்ந்த சோதனை விமானி செய்துகாட்டிய அளவுகள். நாற்பது மணி நேரம் பறந்த மாணவருக்கு அவை பொருந்தா. மதுரையின் ஓடுபாதை கிழக்கு மேற்காக, 09, 27 என்று இருப்பதால் அதே மேற்குக் காற்று அங்கே முகத்துக்கு நேராக வந்து உதவியே செய்யும். ஒரே நாளில், ஒரே காற்றில், இரண்டு நிலையங்கள் இரண்டு வேறு தேர்வுகளை வைக்கின்றன. காற்றின் வேகத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்புகிறவர் பாதிக் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்.

குறுக்குக்காற்றில், இறக்கைகளைச் சாய்க்கும் ஏலரானைக் காற்று வரும் பக்கம் முழுவதும் திருப்பி ஓட்டத்தைத் தொடங்கி, வேகம் கூடக்கூடப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். காற்றுப் பக்க இறக்கை தூக்கப்பட்டால் ஒரு சக்கரம் மட்டும் தரையில் இருக்கும், விமானம் பக்கவாட்டில் சறுக்கும். எழும்பும் வேகம் சரியாக வந்த பிறகே உறுதியாகத் தரையை விட வேண்டும். பாதி எழுந்து மறுபடி பக்கவாட்டில் தரையைத் தொடும் விமானத்தின் சக்கரக் கால்கள் அந்த அடியைத் தாங்கும்படி கட்டப்படவில்லை.

மனிதப் பிழைகளில் மிகப் பழையது, பைக்கும் காரும் ஓட்டிப் பழகியவரின் கைப்பழக்கம். விமானம் திரும்பத் தொடங்கியதும் கால்களை மறந்து, கையிலிருக்கும் யோக்கைக் காரின் ஸ்டியரிங்போலத் திருப்புவது. தரையில் அது விமானத்தைத் திருப்பாது, ஏலரானை மட்டும் தவறான பக்கம் தள்ளும். குதிகால்களைத் தரையில் வைக்காமல் பாதம் முழுவதையும் பெடலின் மேல் ஏற்றி, தெரியாமலே ஒரு பக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பது இன்னொன்று. விமானத்தைப் பாதையோடு அழுத்தி வைக்கலாம் என்று யோக்கை முன்னே தள்ளுவது மூன்றாவது. அப்போது பாரம் முழுவதும் மூக்குச் சக்கரத்தில் இறங்கி, பின்சக்கரங்கள் பிடிமானம் இழக்கும். ஒற்றைச் சக்கரத்தைச் சுற்றி விமானம் திரும்பிவிடும். இருக்கையையும் மறக்க வேண்டாம். செஸ்னா விமானங்களில் இருக்கை தன் தண்டவாளத்தில் சரியாகப் பூட்டிக்கொள்ளாமல், விசை கொடுத்ததும் பின்னால் வழுக்கிய சம்பவங்களுக்குப் பிறகு, 1987இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்தத் தண்டவாளங்களின் ஆய்வைக் கட்டாயமாக்கியது. இருக்கை வழுக்கினால் கால் பெடலை எட்டாது, கை தன்னிச்சையாக யோக்கைப் பின்னே இழுக்கும். பூட்டியபின் உடலை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க இரண்டு வினாடி போதும்.

உங்கள் ஊருக்கு மிக அருகே விமானம் இறங்கி ஏறுவதற்கென அமைத்த இடம் ஒன்று இருக்கிறது. குமுளியைத் தாண்டி, வண்டிப்பெரியாறுக்கு அப்பால், புல்மேடு வழியாகச் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் நடக்கத் தொடங்கும் சத்திரம். இடுக்கி மாவட்டத்தில் தேசிய மாணவர் படையின் பயிற்சிக்காகக் கேரள அரசு அங்கே 650 மீட்டர் ஓடுபாதை அமைத்தது. 2022இல் முதலில் நடந்த தரையிறங்கும் முயற்சிகள் கைவிடப்பட்டன. பாதையின் முனையிலிருந்த மண்மேடு தடையாக இருந்தது. அந்த ஆண்டு மழையில் பாதையின் ஒரு பக்கம் சரிந்தும் போனது. மேட்டைக் குறைத்த பிறகு 2022 டிசம்பர் 1 அன்று வைரஸ் எஸ்டபிள்யூ 80 அங்கே முதன்முதலாக இறங்கியது. இறங்காமல் திரும்பிப் போன அந்த முந்தைய நாட்களை அப்போது செய்தி பார்த்தவர்கள் தோல்வியாக நினைத்திருக்கலாம். விமானியின் பார்வையில் அவை சரியாக எடுக்கப்பட்ட முடிவுகள். மலைமேல் அமைந்த குறுகிய பாதையில் திசை தவறினால் புல்வெளி காத்திருக்காது. காற்று மெலிந்த உயரத்தில் ஓட்டமும் நீளும், சரிவுகளில் மோதிச் சுழன்று வரும் காற்று பாதையின் ஒரு முனையில் ஒரு மாதிரியும் மறுமுனையில் வேறு மாதிரியும் இருக்கும். என்றாவது அங்கே பறக்க வாய்ப்புக் கிடைத்தால், இதை எல்லாம் அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று வைத்திருக்காதீர்கள்.

அனுபவம் வந்துவிட்டால் இந்த ஆபத்து தானாகப் போய்விடும் என்று எண்ணவும் வேண்டாம். 2008 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் டென்வரில், 115 பேருடன் புறப்பட்ட போயிங் 737 ஒன்று பலத்த குறுக்குக்காற்றில் இடப்பக்கம் திரும்பி ஓடுபாதையை விட்டுப் போய்த் தீப்பற்றியது. பலர் காயமடைந்தார்கள், உயிரிழப்பு இல்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்ட காரணம், விமானம் பாதையை விடுவதற்கு நான்கு வினாடிக்கு முன் தேவையான வலது ரட்டர் அழுத்தத்தைத் தலைமை விமானி நிறுத்தியதுதான். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவரின் காலும் நான்கு வினாடி ஓயக்கூடும். இந்தியாவில் 2025 அக்டோபர் 9 அன்று உத்தரப் பிரதேசத்தின் பரூக்காபாத் அருகே முகமதாபாத் ஓடுதளத்தில் சிறிய தனியார் ஜெட் ஒன்று புறப்படும் ஓட்டத்தில் பாதையை விட்டு விலகிப் புதருக்குள் போய் நின்றது. அதிலிருந்தவர்கள் தப்பினார்கள். இத்தகைய நிகழ்வுகளில் உயிர் பிழைப்பது வழக்கம் என்பதாலேயே அவை மூன்று நாள் செய்தியாக முடிந்துபோகின்றன. பயிற்சி பெறுகிறவர்கள் அவற்றை அப்படிக் கடந்துபோவதற்கில்லை.

உயிர் போகும் நிகழ்வுகள் பெரும்பாலும் இன்னொரு தவறிலிருந்து வருகின்றன. பாதையின் விளிம்பு நெருங்கும்போது, தரையிலிருந்து தப்பிவிடலாம் என்று யோக்கை இழுப்பது அது. பறக்கும் வேகம் வராத விமானம் தரையருகே கிடைக்கும் கூடுதல் தூக்குவிசையில் சில அடி எழும், பிறகு இடது இறக்கை தொய்ந்து விழும். பாதையை விட்டுப் புல்லுக்குள் ஓடிய விமானத்தில் முறிவது சக்கரமாக இருக்கும். இருபது அடி உயரத்திலிருந்து இறக்கை கவிழ்ந்து விழும் விமானத்தில் முறிவது வேறு.

எனவே த்ராட்டிலை மூடுவதே வழி. அதற்கு வலுவான காரணமும் உண்டு. இடப்பக்கம் திருப்பும் விசைகளில் காற்றைத் தவிர மற்ற அனைத்தும் எஞ்சினிலிருந்து பிறப்பவை. விசையை எடுத்ததும் அவை ஒன்றாக அடங்குகின்றன. வலது காலை அந்த நொடியே தளர்த்தவும் பழக வேண்டும், இல்லையேல் மூக்கு வலப்பக்கம் பாயும். பிறகு பெடலால் நேராக வைத்து, இரு பக்கமும் சமமாக, மென்மையாகப் பிரேக் பிடிக்க வேண்டும். பாதையை விட்டே போய்விட்டாலும் நேராக ஓடவிடுவது, திருப்ப முயல்வதைவிட நல்லது. இடம் போதாது என்ற அச்சம் பெரும்பாலும் காரணமற்றது. கடல்மட்டத்தில், சீரான வானிலையில் செஸ்னா 172எஸ் தரையில் ஓடும் தூரம் ஏறக்குறைய 290 மீட்டர். சேலத்தின் பாதை 1,806 மீட்டர். அங்கே 30 நாட் வேகத்தில் ஓட்டத்தைக் கைவிடுகிறவருக்கு முன்னால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பாதை மிச்சமிருக்கும். 650 மீட்டர் பாதையில் அந்த வசதி கிடையாது. அதனால்தான் பாதையின் பாதியைத் தொடும்போது எழும்பும் வேகத்தில் 70 விழுக்காடு வந்திருக்க வேண்டும், வராவிட்டால் கைவிட வேண்டும் என்ற வழக்கு சிறு விமானிகளிடையே இருக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் மாணவர்கள் ஏன் த்ராட்டிலை மூடத் தயங்குகிறார்கள் என்பதை வெளிப்படையாகப் பேச வேண்டும். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் பணம். அந்தப் பணம் போடி மலையின் ஏலத் தோட்டத்திலோ, கம்பத்தின் திராட்சைப் பந்தலிலோ, அடகு வைத்த வீட்டிலோ இருந்து வந்தது என்பது இருக்கையில் உட்காரும்போதும் நினைவிலிருக்கும். கைவிட்ட ஓட்டம் வீணான நிமிடங்களாகத் தெரிகிறது. ஆசிரியர் முகம் சுளிப்பாரோ, உடன்படிப்பவர்கள் பேசுவார்களோ என்ற கூச்சம் சேர்கிறது. குடும்பத்தில் முதல் ஆளாக இந்தத் துறைக்குள் வந்தவருக்கு, சார், இன்றைக்குக் காற்று அதிகமாக இருக்கிறது என்று சொல்வதே பெரிய காரியம். காற்று அடங்கிய அதிகாலைகளிலேயே பயிற்சி நேரம் முழுவதும் அமைந்துவிட்டால், உரிமம் கைக்கு வரும் நாளில்கூட உண்மையான குறுக்குக்காற்றை மாணவர் சந்தித்திருக்க மாட்டார். மணிக்கணக்கு நிறைந்திருக்கும், அந்தத் திறமை இருக்காது. பணம் வாங்கிக்கொண்டு இப்படி அனுப்பிவைப்பது மாணவருக்குச் செய்யும் அநீதி.

பெற்றோர் இதில் செய்யக்கூடியது உண்டு, அதை நீங்கள் வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள். சேர்வதற்கு முன் பள்ளியிடம் கட்டணத்தையும் வேலைவாய்ப்பையும் கேட்பதுபோல, குறுக்குக்காற்றுப் பயிற்சியும் புறப்பாட்டைக் கைவிடும் பயிற்சியும் எத்தனை முறை தரப்படும், பயிற்சிக் குறிப்பேட்டில் தனியாக எழுதப்படுமா என்றும் கேட்கச் சொல்லுங்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பறக்கும் பள்ளிகளுக்கு வகுப்புப் பிரித்துத் தரவரிசை வெளியிடத் தொடங்கியிருக்கிறது. 2025 அக்டோபரில் வந்த முதல் பட்டியலில் மேலான இரு வகுப்புகளிலும் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை. விளம்பரப் பலகைகளைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் 2012 முதல் இயங்கிவருகிறது. அதன் அறிக்கைகள் பொதுவில் கிடைக்கின்றன, பயிற்சி விமானங்கள் பாதையை விட்டு விலகியவை உட்பட. மாதம் ஒன்றைப் படித்து உடன்படிப்பவர்களோடு பேசினால், அடுத்தவர் கொடுத்த விலையில் நீங்கள் கற்கலாம்.

உங்களிடம் நேராகக் கேட்பது இவை. ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன், பாதையில் நுழைவதற்குள், காற்று எந்தப் பக்கம், குறுக்கே விழும் பங்கு எத்தனை நாட், எந்தக் கால் முதலில், எந்த இடத்துக்குள் எந்த வேகம் வராவிட்டால் கைவிடுவது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆசிரியர் இருந்தாலும் சொல்லுங்கள், தனியாக இருந்தாலும் சொல்லுங்கள். உங்கள் அளவு எத்தனை நாட் என்று ஆசிரியரோடு பேசி எழுதிவைத்து, அதைத் தாண்டிய நாளில் கிளம்ப மறுத்துவிடுங்கள். விமானம் பாதையில் தள்ளாடிய நாளை மறைக்காமல் பள்ளியின் பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். சக்கரமோ இருக்கைப் பூட்டோ காரணமாக இருந்தால், அடுத்து அதே விமானத்தில் ஏறுபவர் உங்கள் நண்பராக இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஆசிரியரிடம் தரையை விட்டே எழாத ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். பாதை காலியாக இருக்கும் வேளையில், கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதியோடு, ஓட்டத்தைத் தொடங்கி, 20 நாட்டிலும் 30 நாட்டிலும் ஆசிரியர் சொல்லும் நொடியில் த்ராட்டிலை மூடி, நடுக்கோட்டிலேயே நிறுத்தி, பிரேக் ஆறக் காத்திருந்து மறுபடி செய்யுங்கள். ஒரு முறை இடப்பக்கக் காற்றில், ஒரு முறை வலப்பக்கக் காற்றில். அந்த ஒரு மணி நேரம் உங்கள் குறிப்பேட்டில் பதிவான பிறகே தனிப்பறப்புக்குக் கையெழுத்துக் கேளுங்கள்.